ஒற்றை எஞ்சினில் கரைக்கு: நின்றுபோன அவுட்போர்டும் அதன் இம்பெல்லரும்

முதலில் மாறியது சத்தம்தான். வலப்பக்க எஞ்சின் ஒரு மாதிரி கனத்து, இழுவை குறைந்து முனகத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தபோது அதன் பின்புறம், எஞ்சினைக் குளிர்வித்த கடல்தண்ணீரைத் துப்புகிற சிறு துளையில் ஒரு சொட்டும் இல்லை. புகையோடு ரப்பர் கருகும் நெடியும் வந்தது. மச்சான் கை நீட்டி எஞ்சினை நிறுத்திவிட்டான்.

நாங்கள் இருந்த இடம் முட்டம் கலங்கரை விளக்கத்துக்குத் தென்மேற்கே சுமார் 15 கடல்மைல், அதாவது 28 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாசி மாதம், நண்பகல் நெருங்குகிற நேரம். பெரியப்பாவின் 30 அடி ஃபைபர் வள்ளம், பின்பலகையில் 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் அவுட்போர்டு இரண்டு. ஆள் நான்கு பேர். பெட்டியில் கணவாயும் கொஞ்சம் பாரையும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இப்படி இரட்டை எஞ்சின் போட்ட வள்ளம் ஊருக்கு ஊர் உண்டு. கரையில் நான் பார்ப்பது அவுட்போர்டு பழுது வேலை. அதனால் அன்று நடந்ததையும், பிறகு பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது கண்டதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு எஞ்சின் நின்றதும் எல்லோருடைய கையும் அதன் கயிற்றுக்குத்தான் போகும். இழுத்துப் பார்ப்போம், பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம் என்று அரைமணி நேரம் போய்விடும். அன்று பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை, "மக்களே, அதெ விடு. ஓடுறதெப் பாரு." அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான். நின்ற எஞ்சினுக்கு இனிக் கெடுவதற்கு எதுவும் இல்லை. ஓடுகிற எஞ்சின் நின்றால்தான் நமக்குக் கேடு.

ஓடுகிறதைப் பார்ப்பது என்றால், இரண்டு எஞ்சினுக்கும் பொதுவாக இருப்பது எது என்று பார்ப்பது. வலது எஞ்சின் எந்தக் காரணத்தால் நின்றதோ அதே காரணம் இடதையும் நோக்கி வந்துகொண்டிருக்கிறதா? இரண்டும் ஒரே கேனிலிருந்து எண்ணெய் குடித்து, அந்தக் கேனில் தண்ணீர் கலந்திருந்தால், ஒன்று நின்ற பத்தாவது நிமிடம் மற்றதும் நிற்கும். எங்கள் வள்ளத்தில் ஆளுக்கொரு கேன், ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு அமுக்குப் பந்து. குழாயைப் பிரித்து இரண்டு எஞ்சினுக்கும் ஒரே கேனில் கொடுப்பது சில்லறைச் செலவைக் குறைக்கும். ஆனால் அப்படி இணைத்த அன்றே இரண்டு எஞ்சின் என்பது பாதிப் பொய்யாகிவிடுகிறது. எண்ணெய் வாங்குவது ஒரே பீப்பாயிலிருந்துதான் என்பதால் இரண்டு வடிகட்டியையும் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் கிண்ணத்தின் அடியில் தனிப் படலமாகத் தெரியும். அன்று இரண்டும் சுத்தம்.

அடுத்தது கடல். இடது எஞ்சினையும் நிறுத்தி, இரண்டையும் மேலே தூக்கிப் பார்த்தோம். ஓடுகிற எஞ்சினை எதற்கு நிறுத்துவது என்று தம்பி பதறினான். சூடாக இருக்கிற எஞ்சின் திரும்ப ஓடும். அதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி, கார்பரேட்டர் முழுக்கப் பெட்ரோல் வருகிற வரை ஓடவிட்டு நிறுத்தினால் போதும். மண்ணெண்ணெய் எஞ்சின் பெட்ரோலில் பிடித்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். மண்ணெண்ணெய் நிறைந்த கார்பரேட்டரோடு நிறுத்தி, எஞ்சினும் ஆறிவிட்டால், அதைத் திரும்ப எழுப்புவதற்குள் தோள் கழன்றுவிடும்.

காரணம் வலது எஞ்சினின் காலில் இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் சல்லடையின் மேல் கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்று இரண்டு பக்கமும் சுற்றி ஒட்டியிருந்தது. நிறுத்தினால்தான் அது தளரும், ஓடும்போது உறிஞ்சலே அதை இறுக்கிப் பிடித்துவிடும். இடது எஞ்சினின் சல்லடையில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் கடலைப் பார்த்தோம். பிளாஸ்டிக்கும் பாசியும் நுரையும் ஒரு நீண்ட கோடாக மிதந்துகொண்டிருந்தன. இரண்டு நீவாடு (கடல் நீரோட்டம்) சந்திக்கிற இடத்தில் கழிவெல்லாம் அப்படித்தான் சேரும். முதலில் வள்ளத்தை அந்தக் கோட்டைவிட்டு வெளியே எடுத்தோம்.

இருபது நிமிடம் போல எஞ்சினை ஆறவிட்டோம். கொதிக்கிற எஞ்சின்மேல் கடல்தண்ணீரை மொண்டு ஊற்றுகிற வழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து செய்ய வேண்டாம். அலுமினியம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் தலைப்பகுதி கோணும், கேஸ்கட் போகும், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகியும் விடும். பிழைக்கக்கூடிய எஞ்சினைக் கொல்லுகிற வழி அது. ஆறிய பிறகு மூடியைத் திறந்து, பிளக் இரண்டையும் கழற்றிவிட்டு, மேலே இருக்கும் ஃபிளைவீலைக் கையால் சுற்றினேன். எங்கும் உரசாமல், பிடிக்காமல் சுற்றியது. எஞ்சின் இறுகவில்லை, அந்த மட்டில் நிம்மதி. பிளக்கைத் திரும்பப் போட்டு, பெட்ரோலில் பிடித்து, குறைந்த வேகத்தில் வைத்துத் துளையைப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. பத்து எண்ணும் நேரத்துக்குள் நிறுத்திவிட்டேன். சல்லடை திறந்திருக்கிறது, எஞ்சின் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. அப்படியானால் உள்ளே தண்ணீரை மேலே ஏற்றுகிற ரப்பர் சக்கரம், இம்பெல்லர், போய்விட்டது.

அந்த ரப்பர் சக்கரத்துக்கு அது ஏற்றுகிற தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் வெகு சீக்கிரம் இதழ்கள் சூடேறிக் கருகி அடியோடு பிய்ந்துவிடும். மெதுவாக ஓட்டினால் கொஞ்ச தூரம் போகாதா என்று மச்சான் கேட்டான். போகும், சில நிமிடங்கள். பிறகு பிஸ்டன் வீங்கிச் சிலிண்டர் சுவரைக் கிழிக்கும். இம்பெல்லரை மாற்றினால் தீர்கிற வேலை, சிலிண்டர் போரிங் வரை போய்விடும்.

மாற்று இம்பெல்லர் கருவிப்பெட்டியில் இருந்தது. ஸ்பேனர் இருந்தது. மாற்றத் தெரிந்த ஆளாக நானும் இருந்தேன். ஆனாலும் அங்கே பிரிக்கவில்லை. இம்பெல்லர், எஞ்சின் காலின் அடியில் இருக்கும் கியர்ப்பெட்டியான கியர்கேசின் மேல் இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால் கியர்கேசை மொத்தமாகக் கீழே இறக்க வேண்டும். உப்பில் ஊறிய போல்ட்டுகள், கியர் மாற்றும் கம்பியின் இணைப்பு, நீண்ட தண்டு, அந்தத் தண்டில் இம்பெல்லரைப் பூட்டுகிற அரைவட்டச் சாவி. அந்தச் சாவி விரல் நகம் அளவுதான், கைதவறினால் கடலடி. ஆடுகிற பின்பலகையில் குனிந்து நின்று இதைச் செய்தால், கியர்கேசே கையைவிட்டுப் போவதற்கும் வழி உண்டு. இன்னொரு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, பகல் வெளிச்சம் இருக்கிறது, கடல் அடங்கியிருக்கிறது. இவை மூன்றையும் கரைக்குப் போக வைத்துக்கொள்வதா, பழுது பார்த்துச் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி. இடது எஞ்சினும் இல்லாமல் இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன் வயர்லெஸ்ஸில் அருகே இருந்த வள்ளங்களைக் கூப்பிட்டு, ஜிபிஎஸ்ஸில் காட்டிய இடத்தையும், ஒற்றை எஞ்சினில் வருகிறோம் என்பதையும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் சொன்னோம். அரைமணிக்கு ஒருமுறை பேசுவது என்று வைத்துக்கொண்டோம். எஞ்சின் ஓடும்போதே சொல்வது எதற்கு, ஊரில் வீண் பயம்தானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது எங்கள் கரையிலிருந்து போனவர்களில் பலர் லட்சத்தீவு வரை அடித்துச் செல்லப்பட்டார்கள். திரும்பாதவர்களின் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எங்கே இருக்கிறோம் என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருப்பதற்கு எந்தக் கூச்சமும் தேவையில்லை. ஆபத்து என்றால் வயர்லெஸ்ஸில் விஎச்எஃப் 16ஆம் சேனல். அலைபேசி எடுக்கிற தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்த எண்களை வள்ளத்தின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீரில் நனைந்த அலைபேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு வள்ளத்தைத் தயார் செய்தோம். நின்ற எஞ்சினை முழுக்க மேலே தூக்கிப் பூட்டி, பூட்டு கழன்றாலும் விழாதபடி கயிற்றால் கட்டினோம். அது தண்ணீருக்குள் கிடந்தால் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போவது மாதிரிதான். உருகிய ஐஸ் தண்ணீரை மொண்டு கொட்டினோம். மீனைக் கொட்டவில்லை, அந்தக் கடலில் அதற்குத் தேவையும் இல்லை. வலையையும் ஐஸ் பெட்டியையும் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினோம்.

ஏன் வலப்பக்கம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஓடுகிற எஞ்சின் இடப்பக்கம் இருக்கிறது, அது தள்ளும்போது அணியம் (வள்ளத்தின் முன்முனை) வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். வள்ளத்தை வலப்பக்கம் சற்றே சாய்த்து வைத்தால், தண்ணீருக்குள் இருக்கிற உருவம் மாறி, அணியம் இடப்பக்கம் போகப் பார்க்கும். இரண்டும் ஒன்றை ஒன்று கொஞ்சம் தின்னும். மிச்சத்தை ஹேண்டிலைப் பிடித்துச் சரிசெய்யலாம். ஆனால் அளவு முக்கியம். அதிகம் சாய்த்தால் இடது எஞ்சின் மேலே எழும்பி, அலையின் பள்ளத்தில் புரொப்பெல்லர் காற்றைக் கடைந்து அலறும். அந்த அலறல் கேட்டால் உடனே பாரத்தில் பாதியைத் திரும்ப நகர்த்த வேண்டும். பாரத்தை எல்லாம் அணியத்துக்குக் கொண்டுபோனாலும் இதே கதிதான்.

வேகம் எவ்வளவு குறையும் என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பாதி எஞ்சின் போனால் பாதி வேகம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். எங்கள் மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற கனத்த வள்ளத்தில், வேகம் ஏற ஏறத் தேவைப்படும் சக்தி பல மடங்காக ஏறும். திருப்பிச் சொன்னால், சக்தி பாதியாகும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் குறையும். தண்ணீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இப்படிப்பட்ட படகுக்கு வசதியான உச்ச வேகம் ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். எங்களுக்கு 26 அடி, கணக்கு ஏழு நாட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு எஞ்சினில் பாரத்தோடு கிட்டத்தட்ட அதைத்தான் ஓடுவோம். அன்று ஒற்றை எஞ்சினில் ஜிபிஎஸ் ஐந்து நாட்டைத் தொட்டும் தாண்டியும் காட்டியது. தண்ணீர்மேல் எழும்பிப் பறக்கிற வேகப்படகுகளின் நிலை வேறு. ஒரு எஞ்சின் போனால் அவை எழும்பவே முடியாமல், முப்பது நாட்டிலிருந்து எங்கள் வேகத்துக்கு இறங்கிவிடும். மைலுக்கு எரியும் பெட்ரோலும் அங்கே கூடத்தான் செய்யும். அவர்களுக்கு எண்ணெய்க் கணக்கு எங்களைவிடக் கடுமை.

அந்த ஐந்து நாட்டுக்கு ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகுவது என்பதில்தான் ஓடுகிற எஞ்சினின் உயிர் இருக்கிறது. இரண்டு எஞ்சின் சேர்ந்து தள்ளுவதற்காகப் போட்ட புரொப்பெல்லர் இது. ஒரே எஞ்சின் மொத்த வள்ளத்தையும் தள்ளும்போது அது தன் முழுச் சுற்றுக்கு ஏற முடியாது. முழுக்கத் திருகினால் எண்ணெய் மட்டும் கூடுதலாக இறங்கும், சுற்று ஏறாது, சூடு ஏறும். மண்ணெண்ணெயில் அப்படிப் பாரம் ஏற்றினால் உள்ளே தட்டுகிற சத்தம் வரும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதற்கு முன் கேட்கிற சத்தம் அது. அதனால் நான் இப்படிப் பிடித்தேன்: கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே ஜிபிஎஸ்ஸைப் பார்ப்பது. திருகினாலும் வேகம் கூடாத ஒரு இடம் வரும். அங்கிருந்து சற்றுப் பின்வாங்கி அதிலேயே நிறுத்துவது. எங்களுக்கு அது முழுத் திருகலில் மூன்றில் இரண்டு பங்கு. பிறகு மூன்று மணி நேரமும் தம்பிக்கு ஒரே வேலை, இடது எஞ்சின் தண்ணீர் துப்புகிறதா என்று கண் எடுக்காமல் பார்ப்பது. அவ்வப்போது துப்புகிற தண்ணீரில் கைவைத்துச் சூடும் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்த வேண்டும். எங்கள் எஞ்சினில் சூடு காட்டும் மணியெல்லாம் கிடையாது.

எண்ணெய் கணக்கு எளிது. 9.9 எஞ்சின் முழுத் திருகலில் மணிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்கும். நாங்கள் பிடித்த அளவில் நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்குப் பன்னிரண்டு. எதிர்நீவாட்டுக்கும் காற்றுக்கும் பாதி கூட்டினால் பதினெட்டு. இடது கேனில் இருந்தது போதாது. வலது எஞ்சினின் கேன் கிட்டத்தட்டப் பாதி அப்படியே இருந்தது. அதை ஊற்றிக் கலக்கவில்லை. ஒரு கேன் காலியாகிற வரை ஓட்டிவிட்டு, குழாயை அடுத்த கேனுக்கு மாற்றினோம். கலந்துவிட்டால், வலது கேனில் ஏதாவது இருந்து என் கண்ணுக்குத் தப்பியிருந்தால் அது இரண்டையும் கெடுக்கும்.

பாதையைத் தேர்ந்தது பெரியப்பா. காலையில் கரைக்காற்று அடங்கி, மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும்பும் என்பது மாசியில் எதிர்பார்க்கிற ஒன்று. வீடு வடகிழக்கில். நேராக வீட்டைப் பார்த்துப் பிடித்தால் காற்று இடப்பக்க விலாவில் விழும். எங்கள் வள்ளத்துக்கு அணியம் உயரம், காற்று அதை வலப்பக்கம் தள்ளும். இடப்பக்க எஞ்சினும் வலப்பக்கமே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து வள்ளத்தைக் குமரி முனை பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். நின்றது இடது எஞ்சினாக இருந்திருந்தால் காற்றும் எஞ்சினும் எதிரெதிராகி, ஹேண்டில் கையில் லேசாக இருந்திருக்கும். எந்தப் பக்கத்து எஞ்சின் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துப் பாதையை வளைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே காற்று எழும்பும் முன் நேரே வடக்கே, குளச்சல் பக்கமாக ஏறினோம். கணக்குப்படி தூரம் கூடுதல். ஆனால் இடது எஞ்சினும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து போகிறது. வடமேற்குக் காற்று நின்றுபோன வள்ளத்தைக் கரையோடு சேர்க்காது. கரைக்கு வெளியே இணையாகத் தள்ளிக்கொண்டு போகும். முட்டத்துக்குத் தெற்கே அகப்பட்டால் குமரி முனை தாண்டிய பிறகு கரையே இல்லை. குளச்சலுக்கு நேரே மேலே ஏறி நின்றால், தள்ளிக்கொண்டு போனாலும் நீண்ட நேரம் கரை எதிரிலேயே இருக்கும். ஆட்கள் வந்து பிடிக்க நேரம் கிடைக்கும். அதோடு, ஏறுகிற பாதையிலேயே ஆழம் குறைந்துகொண்டு வரும், நங்கூரம் பிடிக்கும். கயிற்றை அடுக்கி, நங்கூரத்தை அணியத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

பாதி தூரத்தில் மலைகள் தெரியத் தொடங்கின. பெரியப்பா ஜிபிஎஸ்ஸைப் பார்க்கவே இல்லை. வேளிமலையையும் கரையில் தெரிகிற அடையாளங்களையும் ஒன்றுக்கொன்று வைத்துக் கணியம் பார்த்து, நீவாடு எவ்வளவு கீழே இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜிபிஎஸ்ஸில் போகிற திசையும் அணியம் பார்க்கிற திசையும் பதினைந்து பாகை போல வேறுபட்டன. இரண்டு எஞ்சினில் ஓடும்போது கண்ணில் படாத நீவாடு, மெதுவாகப் போகும்போது பெரிய ஆளாகிவிடுகிறது.

நாங்கள் பேசி வைத்திருந்த வள்ளங்களில் ஒன்று அருகே வந்து, கயிறு வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றோம், பக்கத்திலேயே வந்தால் போதும் என்றோம். கட்டி இழுப்பது நல்ல உதவிதான், ஆனால் அதற்கும் விலை உண்டு. தொய்ந்த கயிறு ஓடுகிற புரொப்பெல்லரில் சுற்றினால் மிஞ்சிய எஞ்சினும் போச்சு. இழுக்கிற வள்ளத்தின் எஞ்சினும் பாரத்தில் கஷ்டப்படும். நம் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறவரை துணைக்கு ஒரு வள்ளம் கண்ணெட்டும் தூரத்தில் வந்தாலே பெரும் பலம்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் அலை உடையும் இடத்தைக் கடந்துதான் வள்ளம் ஏற வேண்டும். அங்கே அலை எண்ணிப் பார்த்து, ஒன்றின் முதுகில் ஏறி, அதே வேகத்தில் ஓடிக் கரை ஏறுவோம். அதற்கு ஓட்டம் வேண்டும். அலையைவிட மெதுவாகப் போகிற வள்ளத்தைப் பின்னாலிருந்து வரும் அலை குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். ஐந்து நாட்டில், ஒரு பக்கமே தள்ளுகிற எஞ்சினோடு அதைச் செய்ய முடியாது. ஊர் கண்ணெதிரே தெரிய, தாண்டி முட்டம் துறைமுகத்துக்குப் போனோம். வீட்டு வாசலைக் கடந்து போவது யாருக்கும் கஷ்டம்தான். தம்பிக்கு முகமே வாடிவிட்டது. ஆனாலும் அதில் பெரியப்பாவிடம் பேச்சுக்கே இடமில்லை. காற்று அப்போது பின்னாலிருந்து வந்ததால் அந்தக் கடைசித் தூரம் சுலபமாக இருந்தது.

துறைமுக வாய்க்கு வெளியே எஞ்சினைப் பெட்ரோலுக்கு மாற்றினோம். வாய்க்குள் நின்றுபோனால் முதல் இழுப்பிலேயே பிடிக்க வேண்டும். உள்ளே கட்டும்போது ஒரு நுணுக்கம்: மேடை செத்த எஞ்சின் இருக்கிற பக்கம், அதாவது எங்களுக்கு வலப்பக்கம், வரும்படி போக வேண்டும். அணியத்தைச் சற்றே மேடையை நோக்கி வைத்து மெதுவாகப் போய், கடைசியில் இடது எஞ்சினை ரிவர்சில் போட்டால், அணியம் மேடையைவிட்டு விலகும், பின்பக்கம் மேடையோடு சேரும். வள்ளம் தானாக இணையாக நிற்கும். மேடையை இடப்பக்கம் வைத்து இதையே செய்தால் அணியம் போய்க் கல்லில் முட்டும்.

இனிப் பட்டறை.

எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி முதலில் பார்த்தது சிலிண்டர் இரண்டின் அழுத்தம். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருந்தது. எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டன் பக்கவாட்டைப் பார்த்தேன். செங்குத்துக் கோடுகளோ ஒட்டிய அலுமினியமோ இல்லை. உடனே நிறுத்தியது எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறது.

கியர்கேஸ் போல்ட்டுகள் எதிர்பார்த்தபடி உப்பில் பிடித்திருந்தன. டீசல் ஊற்றி ஊறவிட்டு, சூடு காட்டி, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து எடுத்தேன். வலுவாகத் திருகினால் தலை முறிந்து, அலுமினியத்துக்குள் தண்டு மாட்டிக்கொள்ளும். கேசை இறக்கிப் பம்ப் மூடியைத் திறந்தபோது இம்பெல்லரில் பாதி இதழ்கள் அடியோடு இல்லை. மிச்சம் கருகி வளைந்திருந்தது. உள்ளுறையின் பிளாஸ்டிக் உருகிக் கோடு விழுந்திருந்தது, கீழே இருக்கும் தகட்டிலும் மணல் அரித்த வட்டங்கள். கடற்கரையிலிருந்து தள்ளி இறக்குகிற வள்ளங்களில் அந்த வட்டங்கள் எப்போதும் இருக்கும், அலை கலக்கிய மணலை முதல் சில நிமிடங்கள் பம்ப் குடிக்கத்தான் செய்கிறது. விரல் நகத்தால் தடவி மாட்டுகிற அளவு கோடு இருந்தால் தகட்டையும் மாற்ற வேண்டும். மாற்றினேன்.

புது இம்பெல்லரைப் போட்டு மூடிவிடுவதோடு வேலை முடிந்ததாக நினைத்தால், அதே எஞ்சின் ஒரு வாரத்தில் திரும்பி வரும். காணாமல்போன இதழ்கள் எங்கே? அவை தண்ணீரோடு மேலே போயிருக்கின்றன. இரண்டு துண்டு தண்ணீர்க் குழாயில் கிடைத்தது. ஒன்று, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் வாயில் சிக்கியிருந்தது. மிச்சத்துக்காகச் சிலிண்டர் தலையின் தண்ணீர் மூடியைக் கழற்றினேன், உப்புப் படிவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாத் துண்டையும் பழைய இம்பெல்லரின் பக்கத்தில் அடுக்கி, முழு இதழ்களும் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மூடினேன். தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 50 பாகைக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். திறந்தது.

புது இம்பெல்லரைப் பூட்டும்போது அரைவட்டச் சாவியைக் கொஞ்சம் கிரீஸ் வைத்துத் தண்டில் ஒட்டினால் நழுவாது. இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டைக் கடிகார முள் திசையில் சுற்றிக்கொண்டே மூடியை அழுத்த வேண்டும். எஞ்சின் சுற்றுகிற திசை அதுதான், இதழ்கள் அதற்கேற்ற பக்கம் மடங்கி உட்காரும். தண்டின் பல்வரிகளில் கிரீஸ் தடவலாம். உச்சி முகத்தில் தடவக் கூடாது, அந்தக் கிரீஸ் அடைத்துக்கொண்டு தண்டை முழுக்க ஏறவிடாது. கேசை ஏற்றும்போது தண்டு, தண்ணீர்க் குழாய், கியர்க் கம்பி மூன்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். இங்கே ஒரு ஆள் துணை இருந்தால் நல்லது. போல்ட்டுகளுக்கு மரைன் கிரீஸ் போட்டேன், அடுத்தமுறை பிரிக்கிறவன் கஷ்டப்படக் கூடாது.

டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டியபோது சில நொடிகளில் துளையில் பீய்ச்சியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் கியர் விழுகிறதா என்று பார்த்தேன். பிறகு ஓடி வந்த இடது எஞ்சினையும் திறந்தேன். அதன் இம்பெல்லர் உடையவில்லை. ஆனால் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்தே நின்றுவிட்டன, கழற்றி வைத்தாலும் நிமிரவில்லை. மூன்று மணி நேரம் அதை நம்பித்தான் வந்திருக்கிறோம். அதையும் மாற்றினேன். இப்போது வள்ளத்தின் பெட்டியில் இரண்டு இம்பெல்லரும், இரண்டு சாவியும், கேஸ்கட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன.

அடுத்துக் கடலில் இறக்கியபோது, ஒரு எஞ்சினைத் தூக்கி வைத்து மற்றதில் மட்டும் ஓட்டி, பிறகு மாற்றியும் ஓட்டிப் பார்த்தோம். பெட்டி காலியாக ஒருமுறை, நனைந்த வலையும் ஐஸும் ஏற்றி ஒருமுறை. திருகினாலும் வேகம் கூடாத இடத்தை இரண்டு ஹேண்டிலிலும் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டேன். பாரம் இருக்கும்போது கோடு கொஞ்சம் கீழே விழுகிறது, அதற்குச் சிவப்பு.